லிண்டன் பூவைப் பறித்து உலர்த்தும் முறை

ஐரோப்பாவின் இலையுதிர் மரங்களுள் ஒன்றான சிற்றிலை லிண்டன், ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் பூக்கும். பூ பறிக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்த்து, மரம் இதுதான் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதய வடிவ இலையின் அடிப்புறத்தில், நரம்புகள் பிரியும் மூலைகளில் மட்டும் துருநிற மயிர்க்கொத்துகள் இருக்கும். பேரிலை லிண்டனில் அவை வெண்மையாக இருக்கும், அதன் பூவும் தேநீருக்குப் பயன்படும். அடிப்புறம் முழுவதும் வெள்ளியாக வெளுத்திருந்தால் அது வெள்ளி லிண்டன், அதை விட்டுவிடுங்கள்.

கொத்தின் பெரும்பாலான மொட்டுகள் விரிந்தபின், மழையில்லாத நாளில், பனி முழுதும் உலர்ந்த முற்பகலில் பறிப்பது நல்லது. புகை படியும் சாலையோர மரங்கள் வேண்டாம். காம்புடன் ஒட்டி நாக்குப்போல் நீண்டிருக்கும் வெளிர்பச்சைச் செதிலைப் பிய்த்தெறியாதீர்கள், அதையும் பூவோடு சேர்த்தே உலர்த்துவது வழக்கம். காற்றோட்டமான நிழலில் துணிமேல் மெல்லப் பரப்பி, செதிலை வளைத்தால் ஒடியும் பதம் வரும்வரை காயவிட வேண்டும். வெயிலில் இட்டால் தேன் மணம் போய்விடும் என்பதால் இதில் அவசரம் கூடாது.

தேநீருக்கு, ஒன்றரை கிராம் பூவில் 150 மில்லி லிட்டர் கொதிநீர் ஊற்றி, மூடிவைத்துப் பத்து நிமிடத்தில் வடிகட்டலாம். சளி பிடித்தவர்களுக்கு ஐரோப்பியக் குடும்பங்களில் மரபாகக் கொடுப்பது இதுதான்.

மென்மையும் சீரான இழையும் கொண்ட லிண்டன் கட்டை, சிற்பிகளுக்கு உகந்தது. போலந்தின் கிராக்கோவ் நகரிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில் சிற்பி ஃபைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை உருவாக்கிய பலிபீடத்தின் உருவங்கள் லிண்டன் மரத்தில் செதுக்கப்பட்டவையே.