‘அழகு’ என்று சொல்லி நகராதீர்கள்: மொடல் படத்தொகுப்பை விமர்சிக்கப் பழகுவது எப்படி?

மட்டக்களப்பில் ஒருவர் தன் படத்தொகுப்பை, அதாவது வேலை தேடிக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்த படங்களை, காட்டினால் இரண்டு விதமான பதில்கள்தாம் கிடைக்கும். முகத்துக்கு நேரே, ‘அருமை’. ஆள் போன பிறகு, தேநீர்க் கடையில் அரை மணி நேர அலசல். ஊர் சிறியது. இன்றைக்குக் குறை சொன்னால் நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் அதே ஆளோடு தோளோடு தோள் நின்று படமெடுக்க வேண்டியிருக்கும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. இழப்பு முழுவதும் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குத்தான்.

மொடல் படங்களைப் பார்த்து உருப்படியாகக் கருத்துச் சொல்லவும், சொன்னதைக் கேட்டுப் பயன்படுத்தவும் பழக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கமரா தேவையில்லை. கைபேசியில் எடுத்த படங்களுக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு கேள்வி: இது யாருக்கான தொகுப்பு?

மொடலின் தொகுப்பு வேறு, படப்பிடிப்பாளரின் தொகுப்பு வேறு. மொடலைத் தேடுகிறவர் அந்த ஆளின் முகம், உயரம், நிற்கும் விதம், எத்தனை விதமான பாவனை வரும், உடுப்பு எப்படிப் பொருந்தும் என்பவற்றைப் பார்ப்பார். படப்பிடிப்பாளரைத் தேடுகிறவர் அவருடைய கண்ணையும் வெளிச்சத்தைக் கையாளும் விதத்தையும் பார்ப்பார். இருவரும் சேர்ந்து ஒரு நாள் படமெடுத்து, அதே இருபது படங்களை இருவரும் தத்தம் தொகுப்பாக வைத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம். பாசிக்குடாவில் ட்ரோன் கொண்டு எடுத்த படம் ஒன்று: நீலக் கடல், வெள்ளை மணல், நடுவே நகத்தளவில் ஒரு பெண். படப்பிடிப்பாளருக்கு அது நல்ல படம். அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது வாடிக்கையாளர். மருதமுனைக் கைத்தறிச் சேலை விற்பவருக்குச் சேலையின் நெசவும் கரையும் தலைப்பும் தெரிய வேண்டும். மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கு முகம் கிட்டத்தில் வேண்டும். கடற்கரை ஹோட்டல் விளம்பரத்துக்கு இயல்பாகச் சிரித்து நடக்கும் ஆள் வேண்டும். மொடல் முகவர்களோ பெரும்பாலும் அலங்காரமே இல்லாத படங்களைத்தான் முதலில் கேட்பார்கள்: வெறும் சுவருக்கு முன்னால், முடியைக் கட்டி, நேராக ஒன்று, இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, முழு உயரத்தில் ஒன்று. எந்த எடிட்டும் இருக்கக் கூடாது. நம் பக்கத்துத் தொகுப்புகளில் இந்த நான்கும் பெரும்பாலும் இருப்பதில்லை. நீங்கள் சொல்லப்போகும் மிகப் பயனுள்ள கருத்து இதுவாகவே இருக்கலாம்.

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

முதற்படி: வாயை மூடிக்கொண்டு இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். எந்தப் படத்தில் விரல் தானாக நின்றது, எதைக் கவனிக்காமலே தாண்டினீர்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரும் அந்த வேகத்தில்தான் பார்க்கப்போகிறார்.

இரண்டாவது தடவை ஒவ்வொன்றாக, பெரிதாக்கி. அதற்கு முன் திரையைச் சரிபாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்தாவிட்டால் ‘தோல் நிறம் மஞ்சளாக இருக்கிறது’ என்று நீங்கள் சொல்வது உங்கள் கைபேசியைப் பற்றிய விமர்சனம்தான். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கண் எங்கே போனது என்று சொல்லுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள்

இதுதான் முழு வேலையும். ‘ஏதோ குறைகிறது’, ‘இன்னும் கொஞ்சம் உயிர் வேண்டும்’ போன்ற பேச்சைக் கேட்டு எவராலும் எதையும் திருத்த முடியாது. நீங்கள் சொல்வது படத்தில் விரல் வைத்துக் காட்டக் கூடியதாகவும், அடுத்த முறை கையால் மாற்றக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கல்லடியில் வாவிக்கரை. சிவப்புக் கைத்தறிச் சேலையில் ஒரு பெண். பின்னால் 1924 இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்கள். பார்த்தவுடன் எதுவோ உறுத்துகிறது. ‘பின்னணி சரியில்லை தம்பி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். தம்பியும் அடுத்த வாரம் வேறு பின்னணி தேடிப் போவான்; அதே பிழையோடு திரும்பி வருவான்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“தம்பி, என் கண் முதலில் முகத்துக்குப் போகவில்லை, கழுத்துக்குப் போகிறது. எதிர்க்கரையின் கோடு கழுத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. நீ நின்றபடியே எடுத்தாயா?”

“ஓம் அண்ணா, நின்றுதான் எடுத்தேன்.”

“கமராவை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்திருந்தால் அந்தக் கோடும் இடுப்புக்கு இறங்கியிருக்கும். கழுத்தை அது வெட்டியிருக்காது.”

சமதரையில் நிற்கும் ஆளை அடிவானம் எந்த உயரத்தில் வெட்டும் என்பதைக் கமராவின் உயரம்தான் முடிவு செய்கிறது. கண் மட்டத்தில் பிடித்தால் கண்ணில் வெட்டும், கழுத்து மட்டத்தில் பிடித்தால் கழுத்தில் வெட்டும். கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரில் இந்தப் பிழை அளவுக்கு வேறு எதையும் நான் காண்பதில்லை. காரணத்தை ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் அவன் மறக்க மாட்டான். பாலத்தின் சட்டம் தலையில் முளைத்து நிற்பதற்கும் மருந்து கிட்டத்தட்ட அதுவேதான், கமராவை நகர்த்துவது: இம்முறை ஒரு அடி இடமோ வலமோ.

இதே முறையில் வேறு சிலவற்றையும் தேடலாம்.

முகம் கறுத்து, கண்குழிகளில் நிழல் தேங்கி நிற்கிறதா? எடுத்த நேரத்தைக் கேளுங்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாட்களிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் பத்து மணிக்குப் பிறகு வெயில் மேலிருந்துதான் விழுகிறது. கிழக்குக் கடல் காலையில் தரும் வெளிச்சத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்நேரம் மொடலைச் சூரியனைப் பார்க்கவைத்தால் கண் சுருங்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணி, திறந்த அந்தக் கணத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

கண் உயிரற்றுத் தெரிகிறதா? கருவிழியில் வெள்ளை ஒளிப்புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் முகத்துக்கு முன்னால் வெளிச்சம் எதுவும் இருந்திருக்கவில்லை. ஒரு வெள்ளை ரெஜிபோம் அட்டையை நெஞ்சுக்குக் கீழே பிடித்திருந்தாலே போதும்.

மூக்குப் பெரிதாக, காதுகள் ஒடுங்கித் தெரிகின்றனவா? அது மொடலின் முகமல்ல. மிக அருகில் நின்று எடுத்ததன் விளைவு. கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலமானது என்பதால் முகத்தை நிரப்ப ஆள் முன்னால் போய்விடுகிறார். இரண்டு மூன்று அடி பின்வாங்கி இரட்டிப்பு ஸூமில் எடுக்கட்டும். கமரா வைத்திருப்பவர் 85 மில்லிமீற்றர் லென்ஸைத் தேடுவதற்கும் இதுதான் காரணம்: தள்ளி நிற்கவைக்கிறது.

விளிம்புகளையும் பாருங்கள். முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகளில் படம் வெட்டப்பட்டிருந்தால் கை கால் துண்டிக்கப்பட்டதாகத் தெரியும். மூட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த உறுத்தல் இல்லை. பின்னணி மங்கும்படி லென்ஸின் துவாரத்தை ‘எஃப் 1.8’ போல அகலத் திறந்து எடுத்த படமென்றால் கமராவுக்கு அருகிலுள்ள கண் கூர்மையாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காதணி கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருக்கும் படங்கள் ஏராளம்.

மூன்றாம் படி: உடலைத் தொடாதீர்கள்

‘கொஞ்சம் மெலிந்தால் நன்றாக இருக்கும்’, ‘இந்தப் பிள்ளைக்கு நிறம் போதாது’ என்பவை விமர்சனம் அல்ல, வம்பு. தோள் அகலமாகத் தெரிந்தால், ‘உடம்பைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி, முகத்தை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கலாம்’ என்று சொல்லுங்கள். தாடையின் கீழ் மடிப்பு விழுந்தால், ‘நாடியைச் சற்று முன்னால் நீட்டி, சிறிது தாழ்த்தச் சொல்லுங்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டும் நிற்கும் விதம் பற்றியவை. அடுத்த படத்திலேயே மாற்றலாம்.

நிறத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் கல்யாணமானாலும் பூப்புனித நீராட்டு விழாவானாலும் அல்பம் என்றால் முகத்தை வெளுப்பாக்கியே தீர வேண்டும் என்றொரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது. மொடல் தொகுப்பில் அது வேலைக்கே கேடு. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். தேர்வுக்கு நேரில் போகும்போது படத்தில் இருந்த ஆள் வரவில்லை என்றாகிவிடும். இதைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்; ஆனால் எடிட் செய்தவரிடம் சொல்லுங்கள், மொடலிடம் அல்ல.

அதற்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்க்கும். கல்லடி மணலும் வானமும் பளிச்சென்று இருக்கும்போது அது முழுப் படத்தையும் இருட்டாக்குகிறது. கறுத்த முகம் இன்னும் கறுத்துப்போகிறது. பிறகு கணினியில் முகத்தை மட்டும் வெளுப்பாக்குகிறார்கள். முகத்தில் ஒளியை அளந்து எடுத்திருந்தால் அந்தத் தேவையே வந்திராது. ‘வெளுப்பாக்காதே’ என்று கடிந்துகொள்வதை விட ‘முகத்தில் அளந்து எடு’ என்பது எளிதில் காதில் ஏறும்.

இன்னொன்று. ஒரு பெண்ணின் படங்களை வேறொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்குமுன் அவளுடைய சம்மதத்தைக் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

நான்காம் படி: தொகுப்பை மொத்தமாக

பன்னிரண்டு முதல் இருபது படங்கள் போதும். ஐந்து சேலையில் ஒரே சிரிப்பு, ஒரே தலைச்சாய்வு என்றால் அது ஒரு படம்தான். நான்கைத் தூக்கச் சொல்லுங்கள். வலுவானது முதலிலும் அடுத்த வலுவானது கடைசியிலும் இருக்கட்டும். வலுவற்ற படத்தை ‘நினைவுக்காக’ வைத்திருப்பவர்களிடம் அதை வீட்டு அல்பத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நல்லதையும் இதே துல்லியத்தோடு சொல்ல வேண்டும். ‘இந்தப் படத்தில் கை இயல்பாக விழுந்திருக்கிறது, விரல்களின் விளிம்புதான் கமராவுக்குத் தெரிகிறது, அதனால் கை மெல்லியதாக இருக்கிறது’ என்று சொன்னால் அவர் அதைத் திரும்பச் செய்வார். ‘சூப்பர்’ என்றால் எதைத் திரும்பச் செய்வது?

இப்போது உங்கள் முறை: கேட்டுக்கொள்வது

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். நம் ஊர் மரியாதை அது. கேள்வியை மாற்றுங்கள். ‘அக்கா, இதில் மூன்றைத் தூக்கத்தான் வேண்டும், எந்த மூன்று?’ என்று கேளுங்கள். யாருக்கும் மனம் நோகாமல் குறை சொல்ல அது வழி திறந்துவிடும்.

சொல்லத் தொடங்கியதும் விளக்கம் கொடுக்காதீர்கள். அன்று காற்று அடித்தது, மழை வரப் பார்த்தது, மொடல் தாமதமாக வந்தார். எல்லாம் உண்மையாக இருக்கலாம். படம் கொழும்புக்குப் போகும்போது அந்தக் கதைகள் கூடவே போகப்போவதில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். புரியாவிட்டால் ஒரேயொரு கேள்வி: ‘படத்தில் எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?’ விரல் வைத்துக் காட்ட முடியாதவரின் கருத்தை நன்றி சொல்லி வாங்கி, ஓரமாக வைத்துவிடலாம்.

மொடலாக இருப்பவர்களுக்கு: வெளிச்சம், கமரா உயரம், எடிட் பற்றி வரும் குறைகள் உங்களுடையவை அல்ல. அவற்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நிற்கும் விதம், கைகள், பாவனை பற்றி வருபவை மட்டும் உங்கள் பங்கு. அவற்றைக் கண்ணாடி முன் பயிற்சி செய்யலாம்.

ஒரு நாள் கழித்துக் குறிப்புகளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: எடிட்டில் திருத்தக் கூடியவை, மீண்டும் எடுக்க வேண்டியவை, வெறும் இரசனை சார்ந்தவை. ஒருவருக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்காது என்பது மூன்றாவது வகை. அதற்காகப் படத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இருவர் ஒரே படத்தின் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால், உங்களுக்கு அந்தப் படம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அங்கே ஏதோ இருக்கிறது.

மீண்டும் எடுக்கப் போகும்போது ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். அதே இடம், அதே நேரம், முடிந்தால் அதே உடுப்பு. கமராவின் உயரம் மட்டும் வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது புதியது என்று சொல்லாமல், முதலில் குறை சொன்ன அதே ஆளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.