காபிக் கிடங்கில் கலைக்கூடம்: பழைய கட்டடத்தைக் கலைஞர்களுக்குத் திறந்துவிடும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்பவர்கள், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தொடுவதற்கு முன்பே, சாலையோரத்தில் நிற்கும் வேறொரு வளைவைக் கடந்துதான் போகிறார்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவான வளாகத்தில் இன்று நம் கண்ணுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாசல்தான். மலைமேலே ஏறினால் நிலைமை சற்று வேறு. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து பயிரிட்ட காலம் தொட்டு எழும்பிய பங்களாக்களும், கிடங்குகளும், பழம் உரிக்கும் பல்பர் கொட்டகைகளும் பூட்டியபடியே ஆங்காங்கே நிற்கின்றன. அப்படி ஒரு கட்டடம் கைக்குக் கிடைத்து, அதில் ஊர்மக்களுக்கான கலை நிகழ்ச்சிகளையும், கலைஞர்கள் சில வாரங்கள் தங்கிப் பணியாற்றும் உறைவிட ஏற்பாட்டையும் நடத்த விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பழைய காபிக் கிடங்கில் நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில், நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பத்திரமும் அனுமதியும்

கட்டடத்தின் அழகில் மயங்கி வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே பேச்சு வளர வேண்டும். தோட்டச் சொத்துகள் பெரும்பாலும் பல வாரிசுகளின் பெயரில் இருப்பவை. ஒருவர் சாவியைக் கொடுத்தார் என்பது அனைவரும் சம்மதித்தார்கள் என்று பொருளாகாது. வாடகைக்கு எடுப்பதானால் வழக்கமான 11 மாத ஒப்பந்தம் இந்தக் காரியத்துக்கு உதவாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் செலவுக்கு அஞ்சிப் பலர் குறுகிய ஒப்பந்தத்தோடு நின்றுவிடுகிறார்கள். கூரையை நம் பணத்தில் சீர் செய்து முடித்ததும் உரிமையாளருக்குக் கட்டடத்தின் மீது திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது. எங்களுக்கே அது நடந்தது. குறைந்தது ஒன்பது அல்லது பத்து ஆண்டுக் குத்தகையும், பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளும் விதியும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

ஏற்காட்டில் கட்டட வேலை என்றால், அலுவலகங்களில் ஹாக்கா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். புதிய சுவர் எழுப்பாமல், உயரத்தைக் கூட்டாமல், மண்ணை வெட்டாமல் வேலையை முடித்தால் பாதித் தலைவலி தீரும். இவற்றோடு பொதுமக்கள் கூடும் இடத்துக்கான உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மின் இணைப்பின் வகை மாற்றம் ஆகியவை தேவைப்படும். வெளிநாட்டுக் கலைஞர் தங்கினால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையவழியில் தெரிவிப்பது தங்க இடம் தருபவரின் பொறுப்பு. இதை மறந்தால் விருந்தினருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

சுவரின் சுபாவம்

பழைய கிடங்குகள் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டப்பட்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் ஆண்டில் எங்கள் கொத்தனார், "ரெண்டே நாள்ல பளபளன்னு ஆக்கிடறேன் சார்" என்றார், நாங்களும் தலையாட்டினோம். ஐப்பசி மழையில் அந்தப் பளபளப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அந்தச் சுவரில் மாட்டியிருந்த நான்கு காகித ஓவியங்களின் பின்புறம் கரும்பூசணம் பிடித்தது. ஓவியரிடம் அதைச் சொன்ன நாளை நினைத்தால் இன்றும் கூசுகிறது. சிமெண்டைக் கொத்தி எடுப்பதற்கு, பூசியதைக் காட்டிலும் அதிகம் செலவாயிற்று.

சரியான முறை மெதுவானது. சுண்ணாம்பை நீற்றி, நீரில் மூழ்கியபடியே குறைந்தது இரண்டு வாரமாவது வைத்திருந்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சேர்த்துப் பூச வேண்டும். பூச்சு காயக் காய மெல்லிய சாக்கை நனைத்துப் போர்த்திவைக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டாலும், பழைய கோயில்களில் திருப்பணி செய்த மேஸ்திரிகளை விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். மேலே அடிப்பதற்கும் சுண்ணாம்பு வெள்ளையே போதும். பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் பெயிண்டும் சிமெண்ட் செய்த வேலையைத்தான் செய்யும். ஓவியங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் தொங்கவிடுங்கள்.

மங்களூர் ஓட்டுக் கூரையில் ஓடுகளைவிட முக்கியம் அவற்றை அடியில் தாங்கும் ரீப்பர் கட்டைகள். கறையான் தின்ற கட்டை வெளியே முழுசாகத்தான் தெரியும். திருப்புளியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தே தீர வேண்டும். ஓவியர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகச் சுவரை உடைத்து ஜன்னல் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கூரையின் வடக்குச் சரிவில் பத்துப் பன்னிரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடுகளைப் பதித்தால், நேர்வெயில் அதிகம் விழாமல் நாள் முழுதும் சீரான வெளிச்சம் கிடைக்கும். வேண்டாம் என்றால் மறுபடி பழைய ஓடுகளையே வைத்துவிடலாம். திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் என்பதே எங்கள் ஒரே அளவுகோல்.

மாடித் தளம் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. குடியிருப்புத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமையை இந்தியத் தரநிலை கணக்கில் கொள்கிறது; நிலையான இருக்கை இல்லாமல் மக்கள் கூடும் அரங்குக்கு அது ஏறக்குறைய 500 கிலோ. பங்களாவின் மர உத்தரங்கள் ஒரு குடும்பத்தைச் சுமப்பதற்குப் போடப்பட்டவை, நூறு பேர் கைதட்டி எழுந்து நிற்பதற்கு அல்ல. கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் தரும் வரை நிகழ்ச்சிகளைத் தரைத்தளத்திலேயே வைத்துக்கொண்டு, மாடியைக் கலைஞர் தங்கும் அறைகளாக்கலாம். தரைத்தள அரங்குக்கு இரண்டு வாசல்களாவது இருக்க வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வாசலில் கீற்றுப் பந்தல் போடாதீர்கள்.

எந்த மாதத்தில் யாரை அழைப்பது

நாங்கள் முதலில் கட்டடத்தைச் சீரமைத்துவிட்டுப் பிறகு நாட்காட்டியை எடுத்தோம். வரிசையை மாற்றியிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிப்பு நடக்கிறது. களம் முழுக்கக் கொட்டை காய்கிறது. தோட்டத்து ஆட்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டமும் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்துகொள்வதால், அறைகளின் வாடகை ஏறி, மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்கும். ஆடி மாதம் சேலத்துக் கலைஞர் எவரும் மலையேறி வரமாட்டார்கள். கோட்டை மாரியம்மன் தொடங்கி நகரத்து அம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் திருவிழா, சேலத்தின் குகை என்ற பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை. அந்த மாதத்தில் நாம் இறங்கிப் போய்ப் பார்ப்பதுதான் முறை.

எஞ்சுவது இரண்டு இடைவெளிகள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிந்து காய்ந்த காலம். ஓவியர், சிற்பி, நிழற்படக் கலைஞர், எழுத்தாளர் ஆகியோருக்கு ஏற்றது. கோடை மழை ஒன்று முந்திப் பெய்துவிட்டால் காபிப் பூவின் வாசனை அறைக்குள்ளேயே வரும், அது இலவசம். ஆவணி, புரட்டாசி மாதங்கள் கூத்துக்கலைஞர்களுக்கு உரியவை. கோயில் திருவிழாக் காலம் முடிந்து வருமானம் மெலியும் நாட்களில் நாம் அழைத்தால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும், நமக்கும் நிதானமான நேரம் கிடைக்கும்.

மூடுபனியில் தோல்கருவிகள் தளர்ந்துவிடும் என்பதை அறியாமல் மழைக்கால நிகழ்ச்சியை வைத்துவிடாதீர்கள். மிருதங்கத்தை இரவில் உலர்ந்த அறையில், போர்வையில் சுற்றி வைக்க வேண்டும். பறை இசைப்பவர்கள் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவார்கள். ஒருமுறை அதற்கு இடம் ஒதுக்க மறந்துபோய், கூரைக்கு வெளியே ஓலைக் குவியலுக்கு அருகிலேயே அவர்கள் நெருப்பு மூட்டும்படி ஆயிற்று. இப்போது களத்தின் ஓரத்தில் மூன்று பக்கமும் கல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் வைத்திருக்கிறோம். அரங்கத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன்பே இந்த அடுப்பைக் கட்டுங்கள் என்பேன்.

உறைவிடக் கலைஞரோடு செய்யும் ஒப்பந்தம்

தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் நகரத்து ஓவியர்களுக்குப் பொருந்தலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்பவரையோ, அம்மாப்பேட்டைத் தறிக்காரரையோ நான்கு வாரம் அழைத்தால், அந்த நான்கு வாரக் கூலியை வீட்டுக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். உதவித்தொகையை அவர் இழக்கும் வருமானத்திலிருந்து கணக்கிட்டு, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். மொத்த நிதியில் கட்டடத்துக்கென எவ்வளவு ஒதுக்கினாலும் கலைஞர் தொகை அதில் கரைந்துவிடாதபடி தனி வங்கிக் கணக்கில் வைத்திருப்பது நல்லது. பழுதுபார்ப்புக்குப் பணம் எப்போதும் போதாது; பக்கத்தில் பணம் இருந்தால் கூரை அதைத் தின்றுவிடும்.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஓவியத்துக்கும் நிழற்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லையென்றால், செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுகிறார். பல கலைஞர்களுக்கு இது தெரியாது. படைப்பின் உரிமை கலைஞருக்கே என்றும், கண்காட்சிக்கும் ஆவணத்துக்கும் மட்டும் நாம் பயன்படுத்துவோம் என்றும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மலைக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாடல்களைப் பதிவு செய்ய வரும் இசைக்கலைஞர்களுக்கும் இது பொருந்தும். பாடியவரின் ஒப்புதல், ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல், பாடியவருக்குக் கூலி ஆகிய மூன்றும் இல்லாமல் பதிவுக் கருவியை வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

பதிலுக்குக் கலைஞரிடம் எதைக் கேட்பது? வாரம் ஒரு மாலை, கதவைத் திறந்துவைத்துச் செய்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டச் சொல்லலாம். அதற்கு மேல் கேட்டால் உறைவிடம் வகுப்பறையாகிவிடும். கொச்சியில் 1867இல் நிறுவப்பட்ட வணிக நிறுவனமொன்றின் ஆஸ்பின்வால் மாளிகை 2012இல் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியின் முதன்மைக் களமாகவும், பெப்பர் ஹவுஸ் என்ற பழைய பண்டகசாலை கலைஞர் உறைவிடமாகவும் மாறியதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது பயன் தரும். நமக்கு அந்த அளவு வேண்டியதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பண்டகசாலையின் பழைய முகம் அழியவில்லை.

ஊர்மக்கள் உள்ளே வருவதற்கு

முதல் கூத்துக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, பின்னால் பாய் விரித்தோம். சேலத்திலிருந்து வந்த விருந்தினர்கள் நாற்காலிகளை நிரப்பினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து வந்தவர்களோ உள்ளே வராமல் களத்தின் மதிலோரம் நின்றுகொண்டே பார்த்தார்கள். அந்தக் கிடங்கில் அவர்களுடைய பாட்டிமார் தலைச்சுமையாக மூட்டை இறக்கியிருக்கிறார்கள். எடைபோடும் ரைட்டர், அதாவது தோட்டத்துக் கணக்கர், கூப்பிட்டாலொழிய வாசற்படி தாண்டக் கூடாது என்ற பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மேடையிலிருந்தே அதைக் கண்டுகொண்டார். "என்ன, இன்னும் எடை போடலியா? உள்ள வாங்க தாயி, இன்னிக்கி மூட்டை நான்தான்" என்று கத்தியதும் சிரிப்பு எழுந்தது, ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். அடுத்த முறையிலிருந்து நாற்காலியே போடவில்லை. அழைப்பிதழை அச்சடிப்பதைவிட, லைன் வீட்டுப் பெண்கள் இருவரைச் சமையலுக்கும் வரவேற்புக்கும் ஊதியத்தோடு அமர்த்தியது பல மடங்கு பயன் தந்தது. காபி, தட்டுவடை செட், சூடான சுண்டல் இவ்வளவே உணவு, தண்ணீர் பானையில்.

விடிய விடிய ஆடும் கூத்தை அப்படியே நடத்த ஆசை இருக்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கியையும் இசைக்கருவியையும் தடுக்கின்றன. கிடங்கின் தடித்த சுவர்களுக்குள், ஒலிபெருக்கி இல்லாமல், முகவீணையும் தாளமும் மிருதங்கமுமாக நடத்தினால் விதிக்குள் அடங்கலாம்; ஆனாலும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். இரவு முழுவதும் முடியாதென்றால், முழுக்கதையையும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கச் சொல்லிக் கூத்துக் குழுவின் வாத்தியாரை வற்புறுத்த வேண்டாம். ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, அதை அதன் முழு நீளத்துக்கு ஆடச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. சேலத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போயிருந்தால், வேன் ஏற்பாடு நம் பொறுப்பு; மலைப்பாதையில் பனி இறங்கிய இரவில் எவரையும் இருசக்கர வாகனத்தில் அனுப்ப வேண்டாம். தோட்டங்களுக்குள் காட்டெருதுகள் நடமாடுவதால், நடந்து செல்பவர்களைக் கூட்டமாக, டார்ச் விளக்கோடு, ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்க அனுப்ப வேண்டும். கடைசி ஆளும் லைன் வீடு போய்ச் சேர்ந்ததாக ஃபோன் வரும் வரை களத்து விளக்கை அணைக்காதீர்கள்.