மூக்கனேரியில் தொடங்கி மலையேறுங்கள்: சேலத்தில் காட்டுயிர்ப் படம் எடுக்கப் பழகுவோருக்கு

கேமரா வாங்கிய கையோடு முதுமலைக்குக் கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஜீப்பில் இரண்டு மணி நேரம் குலுங்கி, எங்கோ தொலைவில் ஒரு யானையின் முதுகைக் கண்டு, நடுங்கிய கையோடு ஐம்பது படம் எடுத்துத் திரும்புவார்கள். ஒன்றுகூடத் தெளிவாக இராது. அந்தச் செலவில் சேலத்திலேயே ஓராண்டு முழுக்க ஞாயிறுதோறும் படம் எடுத்திருக்கலாம். நம் ஊரில் ஏரி உண்டு, கரடு உண்டு, காப்பித் தோட்டம் உண்டு, 5,000 அடிக்கு மேலே புல்வெளியும் உண்டு. எல்லாமே காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடும் தொலைவுதான். நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன். இடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒவ்வோர் இடமும் அடுத்த இடத்துக்கு வேண்டிய பாடத்தை வைத்திருக்கிறது.

படி 1: வீட்டிலேயே கையைப் பழக்குங்கள்

விலை உயர்ந்த லென்ஸ் வேண்டாம். 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்று, அல்லது பெரிய ஜூம் உள்ள சிறிய கேமரா போதும். ஷட்டர் வேகத்தை நீங்களே முடிவு செய்யும் முறைக்கு மாற்றிக்கொண்டு, ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கியில் விட்டுவிடுங்கள். 300 மி.மீ. நீளத்தில் எடுக்கும்போது நம் கை நடுக்கம் தெரியாதிருக்கவே 1/320 நொடியாவது வேண்டும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 என்று மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படம் சற்றே புள்ளி புள்ளியாக இருந்தால் கணினியில் சரிசெய்யலாம். ஆட்டம் விழுந்த படத்தை எவராலும் மீட்க முடியாது.

ஃபோகஸைத் தொடர்ந்து பின்பற்றும் முறையில் வைத்து, மாடியில் நின்று காகத்தைப் பிடியுங்கள். கண்ணில் ஃபோகஸ் விழுந்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்தில் ஆறு படம் கண் தெளிவாக வந்த பிறகு வெளியே கிளம்பலாம்.

படி 2: மூக்கனேரி, குறைந்தது நான்கு ஞாயிறுகள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், மலையைச் சொல்லமாட்டேன், கன்னங்குறிச்சி மூக்கனேரியைத்தான் சொல்வேன். ஊர்மக்கள் முயன்று தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று கொக்குகளும் நீர்க்காகங்களும் அந்தத் திட்டுகளில் அடைகின்றன. மனிதர் கால் படாத திட்டு என்பதால் பறவைகள் அங்கே அச்சமின்றி இருக்கின்றன. கரையில் நிற்கும் நமக்கோ அவற்றின் இயல்பான வாழ்க்கையே காணக் கிடைக்கிறது.

விடிவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் ஞாயிறு கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். கடினம்தான், ஆனாலும் செய்யுங்கள். எந்தக் கழியில் வெண்மார்பு மீன்கொத்தி திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது, முக்குளிப்பான் மூழ்கிய பின் எவ்வளவு நேரம் கழித்து எங்கே தலைநீட்டுகிறது, நீலத் தாழைக்கோழி எந்த நாணல் புதரிலிருந்து வெளியே வருகிறது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு அந்தக் கழிக்கு எதிரே போய் உட்கார்ந்தால் போதும், மீன்கொத்தி தானே வரும். பறவையைத் துரத்தி எடுத்த படத்தில் பெரும்பாலும் அதன் வால்தான் இருக்கும்.

இங்கே இரண்டு பாடங்கள். ஒன்று, தாழ்ந்து எடுப்பது. நின்றபடி எடுத்தால் நீர்ப்பறவை தட்டில் வைத்த பொருள்போலத் தெரியும். கரையில் உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, கேமராவை நீர்மட்டத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். பின்னணி மங்கிப்போய், பறவையின் கண்ணோடு உங்கள் கண் நேருக்கு நேர் நிற்கும். இரண்டு, வெள்ளை நிறம். இருண்ட நீரில் நிற்கும் சின்ன வெள்ளைக்கொக்கை எடுத்தால் கேமரா நீரைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிறச் செய்துவிடும். இறகின் வரிகள் அழிந்துபோகும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படி குறைத்து எடுங்கள். மடையான் நிற்கும்போது மண்ணோடு மண்ணாகத் தெரிந்து, பறந்ததும் வெள்ளைச் சிறகை விரிக்கும். அதை எடுக்கப் பழகினால் இந்தப் பாடம் கைவந்துவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். நாமக்கோழிகள் கூட்டமாக இருக்கும். காலை வெளிச்சமும் மென்மையாக இருக்கும்.

படி 3: பனமரத்துப்பட்டி, காலடியைப் பார்க்க

சேலம் நகரத்துக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த ஏரி இது. அகன்ற வெட்டவெளி. ஆக்காட்டிக் குருவி, மயில், கரிச்சான், பஞ்சுருட்டான் என்று புதர்க்காட்டுப் பறவைகளுக்கு இப்படிப்பட்ட நிலம் ஏற்றது. தொடக்கத்தில் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஏப்ரல் மாத வெயிலில் இதுபோன்ற ஒரு காய்ந்த ஏரிப் படுகையில் ஆக்காட்டி ஒன்று என்னைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அருகில் வருகிறதே என்று மகிழ்ந்து அரை மணி நேரம் அங்கேயே படுத்துப் படம் எடுத்தேன். எழுந்தபோதுதான் பார்த்தேன், ஆறடி தொலைவில் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். நான் படுத்திருந்த நேரமெல்லாம் அவை வெயிலில் கிடந்திருக்கின்றன. தாய் அமர்ந்து நிழல் தரவேண்டிய நேரம் அது. அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

ஆகவே பறவை உங்களை நோக்கி வந்து கத்தினால் உடனே வந்த வழியே திரும்புங்கள். கூட்டைத் தேடிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். தற்செயலாகக் கண்டுவிட்டால் இடத்தை எங்கும் எழுதாதீர்கள்.

படி 4: குரும்பப்பட்டி

சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள உயிரியல் பூங்கா. பாலூட்டிகளின் முகத்தில் ஃபோகஸ் வைக்க ஒரு காலைப் பொழுது பழகினால் போதும். கம்பிவலையோடு லென்ஸை ஒட்டிவைத்து, லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) முழுதாகத் திறந்து, மான் வலையிலிருந்து விலகி நிற்கும்போது எடுத்தால் கம்பி மறைந்துவிடும். படத்தை வெளியிடும்போது பூங்காவில் எடுத்தது என்று எழுதிவிடுங்கள். கூண்டு விலங்கைக் காட்டு விலங்கு என்று காட்டுவது பொய் சொல்வதுதான்.

படி 5: மலைப்பாதை

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது. காட்சிமுனைகளில் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள். நாட்டுக் குரங்குகள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குட்டி தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே முதல் பஸ்ஸில் போகலாம். ஆனால் ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போடாதீர்கள். தின்பண்டத்துக்குச் சாலையில் இறங்கிப் பழகிய குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது.

பாறையும் முட்புதரும் கலந்த கீழ்ச் சரிவுகளில் நம் மலையின் பொக்கிஷம் ஒன்று வாழ்கிறது: மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருப்பது. சாம்பல் உடல், மஞ்சள் தலை, மஞ்சள் தொண்டை. கூச்ச சுபாவம் மிகுந்தது. இதைப் படம் எடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. இதைச் செய்யாதீர்கள். அத்தி பழுத்திருக்கும் மரத்தடியில் பொறுமையாக நில்லுங்கள், கிடைத்தால் கிடைக்கட்டும். எனக்கு ஒரு நல்ல படம் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

படி 6: காப்பித் தோட்டங்களில்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. நிழலுக்கு மரங்கள் நின்றதால் பறவைகளும் நின்றன. மஞ்சக்குட்டை, நாகலூர்ப் பக்கச் சாலைகளில் காலையில் நடந்தாலே போதும். தோட்டத்துக்குள் நுழைவதென்றால் உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ கேட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது, அது குற்றம்.

குளிர்காலத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை நாடாவைப் போன்ற வாலை இழுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு மேலே பறக்கும். அந்த நிழலில் 1/500 கூட வைக்க முடியாமல் ஐஎஸ்ஓ 3200க்கு ஏறும். அஞ்சாதீர்கள், ஏறட்டும். ஓடையோரங்களில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையை முதலில் கேட்பீர்கள். ஒரு சிறுவன் பாட்டு மெட்டை மறந்து மறந்து பாடுவதுபோல இருக்கும். கருநீல உடலில் ஒளி பட்டால் மட்டுமே நிறம் தெரியும் என்பதால், வெயில் துண்டு விழும் ஒரு பாறையில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள்.

இனி, காட்டுமாடு. காட்டெருமை என்று எல்லோரும் சொன்னாலும் இது எருமை இனம் அன்று. சங்கப் பாடல்கள் ஆமான் என்று பாடியது இதைத்தான் என்பர். ஏறத்தாழ ஆளுயரத் தோள், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை. வளர்ந்த காளை 1,000 கிலோ வரை எடை இருக்கும். விடியலிலும் அந்தியிலும் தோட்ட ஓரங்களுக்கு வரும். ஒருமுறை நான் சாலையிலிருந்து இறங்கப் போனபோது காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தடுத்தார்.

“தம்பி, அங்கே போகாதீர்கள். கூட்டத்தோடு நிற்கிற மாடு நம்மைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடும். அது தனியாக நிற்கிறது.”

தோட்டத்திலேயே வாழ்கிறவர்கள் சொல்லும் சொல்லைத் தட்டாதீர்கள். வண்டிக்குள் இருந்தபடியோ, வண்டியை ஒட்டி நின்றோ எடுங்கள். மாடு மேய்வதை நிறுத்தி உங்களை உற்றுப் பார்த்தால் தொலைவு போதவில்லை என்று பொருள். தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினாலோ, உடலைப் பக்கவாட்டில் காட்டி நின்றாலோ படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பனிமூட்டத்தில் நிற்கும் கரிய காளையை எடுத்தால், வெண்பனியைப் பார்த்துக் கேமரா ஏமாந்து பனி அழுக்குச் சாம்பலாகவும் காளை வெறும் கருமையாகவும் வரும். வெளிச்ச ஈட்டை இங்கே ஒரு படி கூட்டுங்கள். கொக்குக்குச் செய்ததற்கு நேர் எதிர்.

படி 7: மலை விளிம்பும் கோயில் மேடும்

சமவெளியில் கழுகை எடுத்தால் அடிவயிறுதான் கிடைக்கும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற விளிம்புகளில் காலை ஒன்பது மணிக்கு மேல் நின்று பாருங்கள். அடிவாரம் சூடேறிக் காற்று மேலெழும்பும்போது கொண்டைப் பாம்புக்கழுகு அதில் ஏறி, நம் கண் மட்டத்துக்கே மிதந்து வரும். சில நேரம் நமக்குக் கீழேயும் பறக்கும். முதுகும் மஞ்சள் கண்ணும் ஒரே படத்தில் கிடைக்கும். ஷட்டர் 1/2000. கேமராவைப் பறவையோடு சேர்த்தே நகர்த்துங்கள், எடுத்து முடித்த பிறகும் சற்று நகர்த்திக்கொண்டிருங்கள்.

சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு இந்த மலையின் மிக உயரமான இடங்களில் ஒன்று, 5,326 அடி. அங்கே புல்லும் காற்றும்தான். வண்ணத்துப்பூச்சிகளுக்குச் செல்லுங்கள், பருவமழைகளை ஒட்டிக் கிழக்கு மலைகளுக்கும் மேற்கு மலைகளுக்கும் இடையே வலசை போகும் நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் கூட்டமாகக் கடக்கும் நாட்கள் உண்டு. கோயில் மலைவாழ் மக்களுடையது. வழிபாட்டு நேரத்தில் கேமராவை மூடிவைத்துவிடுங்கள்.

கீழே இறங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலையில் குளிர்ந்துபோன கேமராவைச் சேலத்து வெக்கையில் உடனே திறந்தால் கண்ணாடியில் நீர் கோக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டு, பிறகு திறவுங்கள்.

படி 8: வீடு திரும்பியதும்

நூறு படங்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்றிரவே அழித்துவிடுங்கள். அந்த ஐந்துக்கும் தேதி, இடம், நேரம் எழுதுங்கள். பறவைப் பட்டியலை, பறவை பார்ப்போர் தம் குறிப்புகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது மூக்கனேரிக் கரைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். விடியும் முன்பே நான் அங்கே இருப்பேன், அந்தப் பழைய மீன்கொத்திக் கழிக்கு எதிரே.