முகத்துக்கு மாட்டுக்கொழுப்பு: திருமலை வெக்கையில் செய்யக்கூடாத பிழைகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் முகம் வரளும், உதடு வெடிக்கும். எதையாவது பூசுவோம் என்று கைப்பேசியைத் திறந்தால், டிக்டொக்கில் இப்போது முன்னுக்கு நிற்பது மாட்டுக்கொழுப்பு. ‘டலோ’ என்ற பெயரில் சின்னச் சின்னப் போத்தல்களில் விற்கிறார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டு, இறைச்சிக்கடையில் கொழுப்பை வாங்கி வீட்டிலேயே உருக்கிக்கொள்ளலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. கொழுப்பு தோலுக்கு விஷமில்லை. ஆனால் இந்த ஊர் வெக்கையில், அதுவும் முகத்தில், அது நல்ல தெரிவு இல்லை.

‘எங்கள் தோல் சுரக்கும் எண்ணெயும் மாட்டுக்கொழுப்பும் ஒன்றுதான்’ என்பது விற்பவர்களின் முதல் வசனம். அதை அப்படியே நம்புவதுதான் முதல் பிழை. மனிதத் தோல் சுரக்கும் எண்ணெயில் ஏறத்தாழக் கால்பங்கு மெழுகு வகை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள். சேப்பியெனிக் அமிலம் என்று ஒன்றும் உண்டு, அது மனிதத் தோலுக்கே உரியது. மாட்டுக்கொழுப்பு அப்படிப்பட்ட கலவை இல்லை. அதில் ஏறத்தாழ நாற்பது வீதம் ஒலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். மீதியில் பெரும்பகுதி பாமிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள். தோல் தன் காப்புப் படையைக் கட்டுவதற்கு வேண்டிய லினோலெயிக் அமிலம் மிகச் சொற்பம். ஒலெயிக் அமிலமோ அந்தப் படையைத் தளர்த்தக்கூடியது. தோல் வழியாக மருந்தை உள்ளே அனுப்ப வேண்டிய இடத்தில் மருந்து தயாரிப்பவர்கள் அதைச் சேர்ப்பதே இதற்காகத்தான். ஏற்கெனவே எரிச்சலும் வரட்சியும் உள்ள முகத்தில் அதைத் தினமும் பூசினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது காலநிலை. டலோவைப் புகழும் வீடியோக்களில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே வெளியே குளிர், வீட்டுக்குள் ஹீட்டர், காற்றில் ஈரமே இல்லை. இங்கே கச்சான் காலத்தில் வெயில் 35 பாகையைத் தொடும். அது போனால் மாரி மழையும் புழுக்கமும். மாட்டுக்கொழுப்பு முழுதாக உருகுவதற்கு 40 பாகைக்கு மேல் வேண்டும். முகத் தோலின் சூடு அவ்வளவுக்குப் போவதில்லை. ஆகவே பூசியது உருகி ஓடிவிடாமல் படையாகத் தங்கும். காலையில் பூசிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டும் போட்டு உவர்மலை ஏறி இறங்கினால், மதியத்துக்குள் அந்தப் படையில் வியர்வையும் வீதித் தூசியும் குழைந்திருக்கும். வியர்வைத் துவாரம் அடைபட்டால் வேர்க்குரு. மயிர்க்கால் அடைபட்டால் பரு.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. தேமலை உண்டாக்கும் மலசேசியா என்ற பூஞ்சை எல்லோருடைய தோலிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தை அதனால் தானே செய்துகொள்ள முடியாது, வெளியே இருந்துதான் கிடைக்க வேண்டும். வெக்கையும் வியர்வையும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன, சாப்பாட்டையும் நாங்களே பூசிவிடுகிறோம். நெற்றியிலும் மயிர் ஓரத்திலும் ஒரே அளவில், கடியோடு, சிறு சிறு குருக்கள் வந்தால் அது சாதாரணப் பருவாக இல்லாமல் இந்தப் பூஞ்சையின் வேலையாகவும் இருக்கலாம். அதற்கு ‘தோல் நஞ்சை வெளியே தள்ளுகிறது, விடாமல் பூசுங்கள்’ என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அப்படி எதையும் தோல் தள்ளுவதில்லை. உடனே நிறுத்துங்கள்.

முழங்கை மடிப்பில் மூன்று நாள் பூசிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அந்தச் சோதனை ஒவ்வாமைக்கும் எரிச்சலுக்கும் சரி. பருவுக்கு அது சாட்சி ஆகாது. எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த இடம் முகம், கை அப்படியில்லை. அடைபட்ட மயிர்க்கால் பருவாக வெளியே தெரியக் கிழமைக்கணக்கில் ஆகும். முதல் கிழமையில் முகம் மினுங்குகிறது, வீடியோவும் அந்தக் கிழமையில்தான் எடுக்கப்படுகிறது.

வீட்டில் உருக்குபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். கொழுப்பில் சிறிது நீரோ இறைச்சித் துணுக்கோ மிஞ்சினாலும் கிருமி வளர இடமாகிவிடும். பிறகு குளியலறையில் வைத்து ஈரவிரலால் தொட்டால் கேட்கவே வேண்டாம். சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு பழுதாகிவிட்டது, அப்படிக் கெட்ட கொழுப்பு தோலை எரிச்சலூட்டும். அமெரிக்காவில், மாட்டுப் பித்து நோய்க்கு அஞ்சிக் கொண்டுவந்த விதிகளின்படி, அழகுசாதனங்களில் சேர்க்கும் மாட்டுக்கொழுப்பு தடைசெய்யப்பட்ட மாட்டுப் பாகங்களிலிருந்து எடுக்காததாக இருக்க வேண்டும், இல்லையேல் அதில் கரையாத கசடு 0.15 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சமையலறை வடியால் அந்தக் கசடை அளக்க முடியாது. வாடை போகட்டும் என்று தேசிக்காய்ச் சாறு விடுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை. தேசிக்காய் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

சவர்க்காரத்திலும் மாட்டுக்கொழுப்பு இருக்கிறதே என்றொரு வாதம் உண்டு. சில சவர்க்காரங்களில் இருப்பது உண்மைதான். ஆனால் காரத்தோடு சேர்ந்ததும் அது கொழுப்பாக இருப்பதில்லை, உப்பாக மாறிவிடுகிறது. அதோடு ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிறோம், இரவு முழுக்க முகத்தில் வைத்திருப்பதில்லை.

டலோவில் விட்டமின் ஏ இருக்கிறது என்று சொல்லி, டாக்டர் தந்த கிரீமை நிறுத்துவதும் சண்கிரீமை விடுவதும் வேண்டாம். இருக்கும் விட்டமின் அற்பம். வெயிலைத் தடுக்கும் சக்தி நம்பத்தக்க அளவில் அதில் இல்லை. கரப்பன் உள்ள குழந்தையின் முகத்தில் இதைப் பரீட்சித்துப் பார்க்கவே கூடாது. இன்னொன்று, லேபிளில் ‘விலங்குக் கொழுப்பு’ என்று மட்டும் இருந்தால் மாடா பன்றியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் கோயிலுக்குப் போகிறவருக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறவருக்கும் அது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் தேங்காயெண்ணெய்? கைகாலுக்குப் பூசுங்கள். பரு வரும் முகத்துக்கு அதுவும் வேண்டாம்.

வரட்சிக்கு முதலில் வேண்டியது ஈரம். கொழுப்பு ஈரத்தைத் தராது, இருப்பதை மூடி வைக்க மட்டுமே செய்யும். காய்ந்த முகத்தில் அதைப் பூசுவது வெறும் குடத்துக்கு மூடி போட்ட கதை. முகம் கழுவித் துவாயால் ஒற்றிவிட்டு, ஈரம் காயுமுன் பாமசியில் கிடைக்கும் கிளிசரின் சேர்ந்த, வாசனையில்லாத, இலேசான லோஷன் ஒன்றைப் பூசினால் போதும். உதட்டுக்கும் குதிக்காலுக்கும் வாசலின். டலோவைவிட மலிவாகவே முடியும்.

ஏற்கெனவே பூசிப் பரு வந்துவிட்டால், சவர்க்காரம் போட்டு நாளைக்கு நாலைந்து தரம் தேய்க்காதீர்கள். மென்மையான முகக் கழுவியால் காலையும் இரவும் கழுவுங்கள், டலோவை நிறுத்திச் சில கிழமை பொறுங்கள். கடி, சீழ், வீக்கம், பரவும் சிவப்பு இருந்தால் காத்திருக்காமல் தோல் வைத்தியரிடம் போங்கள். பூசிய போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘இயற்கையானதுதானே’ என்று அதைச் சொல்லாமல் விட்டால், காரணம் தெரியாமல் மருந்துதான் மாறிக்கொண்டிருக்கும்.