பழைய ஆலைப் பகுதியைத் தொழில்முனைவோர் மையமாக்குவது எப்படி?

மூடப்பட்ட ஆலைகள் நிறைந்த ஒரு பகுதியைப் புதுத் தொழில்களுக்குத் திறந்துவிட நினைக்கும் நகராட்சிகள் பெரும்பாலும் கட்டட வரைபடத்தைத்தான் முதலில் கையில் எடுக்கின்றன. எடுக்க வேண்டியது நிலப் பயன்பாட்டு விதியை. ஸ்பெயினின் கத்தலோனியா மாநிலத்தில் உள்ள பார்சிலோனா நகரின் போப்ளநோவ் பகுதி இதற்கு நல்ல பாடம். 19ஆம் நூற்றாண்டில் பருத்தி ஆலைகளால் ‘கத்தலோனியாவின் மான்செஸ்டர்’ என்று பெயர் பெற்ற அப்பகுதி, ஆலைகள் வெளியேறிய பின்னும் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2000இல் மாநகராட்சி அந்த விதியைத் திருத்தி, ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்பில் தொழில், வீடு, கல்வி, ஆய்வு ஆகியவை கலந்து இயங்க வழிசெய்தது. அதுவே ‘22@’ திட்டம்.

விதியைத் திருத்தும் முன் வீதி வீதியாகக் கணக்கெடுங்கள். கோப்பில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதப்பட்ட கட்டடத்தின் பின்கட்டில் ஒரு கடைசல் பட்டறையும், மாடியில் ஓர் அச்சகமும், பக்கத்துச் சந்தில் நான்கு குடும்பங்களும் இருக்கக்கூடும். யார் இருக்கிறார்கள், என்ன வாடகை, குத்தகை எப்போது முடிகிறது, எவ்வளவு மின்பளு தேவைப்படுகிறது என்பவற்றைப் பதிவு செய்ய வேண்டும். போப்ளநோவில் விதிக்குப் புறம்பாகக் கருதப்பட்டுவந்த 4,000க்கும் மேற்பட்ட பழைய வீடுகளைப் புதிய திட்டம் முறைப்படுத்தியது.

அடுத்தது நில உரிமையாளரோடு பேரம். இதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரு மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டர் என்று கொள்வோம். பழைய விதியில் அதில் எல்லா மாடிகளையும் சேர்த்து 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு கட்டலாம். 22@ விதி இதை 22,000 ஆக உயர்த்தியது. அறிவுசார் தொழில்களுக்கு இடம் ஒதுக்கினால் மேலும் 5,000, மலிவு விலை வீடுகளுக்காக மேலும் 3,000 என மொத்தம் 30,000 வரை அனுமதித்தது. பதிலுக்கு உரிமையாளர் நிலத்தில் 30 விழுக்காட்டைப் பூங்கா, வீடு, பொதுவசதி ஆகியவற்றுக்காக ஒப்படைக்க வேண்டியிருந்தது. கூடுதல் தளப்பரப்பை முதலில் கொடுத்துவிட்டு நிலத்தைப் பிறகு கேட்டால் கிடைக்காது. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சாயமும் எண்ணெயும் ஊறிய மண்ணை ஆய்வகத்தில் சோதித்த பிறகே அடித்தளம் தோண்ட வேண்டும். இணையத்துக்கான கண்ணாடியிழை வடம், மின்சாரம், கழிவுநீர் ஆகியவற்றுக்குச் சாலையை ஒரே முறை வெட்டினால் போதும். துறைக்கொரு முறை வெட்டுவது நமக்குப் பழகிப்போன வழக்கம்தான், ஆனால் புதிதாகக் கடை போட்டவரை அது வீழ்த்திவிடும்.

பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலைக் கட்டட அனுமதி வழங்கும் முன்பே வெளியிடுங்கள். போப்ளநோவில் இந்த வரிசை தலைகீழானது. கான் ரிக்கார்ட் என்ற பழைய துணி அச்சு ஆலை வளாகத்தில் இயங்கிவந்த சிறு பட்டறைகள் வெளியேற்றப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னரே, 2006இல், 114 தொழில் மரபுச் சின்னங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. தொழில்முனைவோருக்கான திட்டம் என்று சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே அங்கே தொழில் செய்தவர்களை அப்புறப்படுத்தியது என் பார்வையில் அத்திட்டத்தின் பெரிய குறை.

கடைசியாக, வாடகைதாரர்கள். முழு வளாகத்தையும் ஒரே பெரிய நிறுவனத்திடம் ஒப்படைப்பது நிர்வாகத்துக்கு எளிது, ஆபத்தும் அதில்தான். நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளம் 1966இல் மூடப்பட்ட பிறகு, அங்கே முதன்மைக் குத்தகைதாரராக வந்த சீட்ரெயின் கப்பல் கட்டும் நிறுவனம் 1979இல் மூடியபோது வளாகத்தில் வேலைகள் பெருமளவில் மறைந்தன. பின்னர் பெரிய கூடங்களைச் சிறு சிறு பகுதிகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள்; இன்று அங்கே நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இயங்குகின்றன. நிலம் இன்னும் நகரத்தின் கையிலேயே இருப்பதால், வாடகையைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. நிலம் முழுவதையும் வைத்துக்கொள்ள இயலாத நகராட்சி, ஒப்படைக்கப்பட்ட 30 விழுக்காட்டில் ஒரு பகுதியையாவது விற்காமல் பட்டறைக் கூடங்களுக்காக ஒதுக்கி, நீண்ட காலக் குத்தகையும் ஆண்டு வாடகை உயர்வுக்கு ஓர் உச்சவரம்பும் பத்திரத்திலேயே எழுதி, கணக்கெடுப்பில் பதிவான பழைய பட்டறைக்காரர்களுக்கு முதல் உரிமை தர வேண்டும்.