டெபியன் களஞ்சியத்தில் நம் பொதியைச் சேர்க்கும் முறை

பாளையங்கோட்டை அச்சகங்களில் யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சான மலர்களும் தலவரலாறுகளும் திஸ்கியிலும், தமிழக அரசு 1999இல் தரமாக அறிவித்த டாப், டாம் குறியேற்றங்களிலும் இன்னும் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நானும் நண்பரும் எழுதிய சிறு மென்பொருளை டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்க விரும்பியதற்குக் காரணம் உண்டு: டெபியனில் ஒரு பொதி (நிறுவத்தக்க வடிவில் கட்டிய மென்பொருள்) இடம்பெற்றால், அதன் வழிவந்த உபுண்டு, இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீடாக்கின் பாஸ் லினக்ஸ் போன்றவற்றுக்கும் அது சென்றுசேர வழி திறக்கும். கட்டளை முனையமும், நிரலின் பதிப்புகளைக் காக்கும் 'கிட்' கருவியும் உங்களுக்குப் பழக்கம் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதலில், அதே மென்பொருளை வேறு யாரேனும் பொதியாக்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையெனில் 'ரிப்போர்ட்பக்' கருவியால், வரவிருக்கும் பொதிகளுக்கென டெபியன் ஒதுக்கிய டபிள்யூஎன்பிபி என்ற பெயரின்கீழ், பொதியாக்கும் எண்ணத்தை ஒரு வழு அறிக்கையாகப் பதியுங்கள். கிடைக்கும் எண்ணை, மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக் கோப்பின் முதல் பதிவில், அந்த வழுவை மூடுவதாகக் குறிப்பிட வேண்டும்.

அடுத்து, மூலநிரலுக்குள் 'டெபியன்' என்ற அடைவை உருவாக்கி கண்ட்ரோல் (பொதியின் விவரம்), ரூல்ஸ் (கட்டும் முறை), சேஞ்ச்லாக், காப்பிரைட் (உரிமங்கள்) ஆகிய கோப்புகளை எழுதுங்கள். 'டிஎச்-மேக்' ஒரு வார்ப்புருவைத் தரும். ஆனால் அது வேண்டாத மாதிரிக் கோப்புகளையும் குவிப்பதால், கையால் எழுதுவதையே நான் விரும்புகிறேன். பொதியாக்கும் வழக்கமான வேலைகளைத் தானே செய்யும் டெப்ஹெல்ப்பர் இருக்கையில் ரூல்ஸ் கோப்புக்கு மூன்று வரிகள் போதும்.

முதன்முறை அனுப்புவோர் பெரும்பாலும் தடைப்படுவது காப்பிரைட் கோப்பில்தான். நிலம் வாங்குமுன் மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பதுபோல, உங்கள் நிரலுக்கு மட்டுமன்றி, மூலத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், உரிமம் எது என்று பார்க்க வேண்டும். எங்கள் சோதனை அடைவில் பழைய தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தது. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்று மட்டுமே அதனுடன் வந்த குறிப்பு சொன்னது. 1997இல் ஏற்கப்பட்ட டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளின்படி எவரும் திருத்தவும், பகிரவும், விற்கவும், எத்துறையில் வேண்டுமானாலும் பயன்படுத்தவும் தடையிருக்கக் கூடாது என்பதால், அந்த எழுத்துருவுடன் பொதி முதன்மைப் பிரிவுக்குள் நுழைய முடியாது. எங்கிருந்தோ எடுத்த சொற்பட்டியலுக்கும், மூலமின்றிச் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கும் இதே நிலைதான்.

கோப்புகளின் உரிமங்களைத் தேடிச் சொல்லும் 'லைசன்ஸ்செக்' கருவியை ஓட்டுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாமல் ஒவ்வோர் அடைவையும் நீங்களே திறந்து பாருங்கள். சிக்கலான கோப்பு அகப்பட்டால், மென்பொருளும் உங்களுடையதாக இருக்கும்பட்சத்தில், அதை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிடுவதே நேர்வழி. எழுத்துரு கட்டாயம் தேவையென்றால் அதை உருவாக்கியவரிடம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தைக் கேட்டு, எழுத்துமூலம் பெறுங்கள். ஜிபிஎல் உரிமத்தின் முழுவாசகம் டெபியன் கணினிகளில் ஏற்கெனவே இருப்பதால் அதைச் சுட்டினால் போதும்; எம்ஐடி உரிமத்தையோ காப்பிரைட் கோப்பில் முழுமையாகப் படியெடுத்து இட வேண்டும்.

பிறகு, புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் டெபியனின் நிலையற்ற கிளையில், தூய சூழலை அமைத்துத் தரும் 'எஸ்பில்ட்' கொண்டு பொதியைக் கட்டுங்கள். உங்கள் கணினியில் தற்செயலாக நிறுவப்பட்டிருக்கும் நிரலகங்கள் குறைகளை மறைத்துவிடும். தூய சூழலில் கட்டினால் அவை வெளிப்பட்டுவிடும். பொதியின் குறைகளைச் சோதிக்கும் 'லின்டியன்' சொல்லும் ஒவ்வோர் எச்சரிக்கையையும் தீர்த்த பின், ஜிபிஜி சாவியால் கையொப்பமிட்டு, 'டிபுட்' மூலம், புதியவர்களின் பொதிகளைப் பிறர் பார்வைக்கு வைக்கும் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஆதரவாளர் (உங்கள் சார்பில் களஞ்சியத்தில் ஏற்றும் டெபியன் உருவாக்குநர்) வேண்டும் என்று இன்னொரு வழு அறிக்கையைப் பதியுங்கள். பைத்தான் பொதியானால் டெபியன் பைத்தான் குழுவை அணுகுவதே சிறந்தது என்பது என் கருத்து. ஆதரவளிக்கும் டெபியன் உருவாக்குநர் ஏற்றிய பின் புதுப்பொதி வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கும் உரிமங்கள் கவனமாகப் பார்க்கப்படும்.

பிற்சேர்க்கை: தன் பொதி ஏற்கப்பட்டும், அடுத்த நிலையான வெளியீடாக உருவாகும் சோதனைக் கிளைக்கு நகரவில்லையே என்று அம்பாசமுத்திரத்து மாணவி ஒருவர் கேட்டிருந்தார். புதுப்பொதி வரிசைக்கு மூலத்துடன் பைனரியும் (கட்டிமுடித்த நிறுவத்தக்க கோப்பு) அனுப்பியாக வேண்டும். ஆனால் டெபியனின் சொந்தக் கட்டுமானக் கணினிகளில் உருவான பைனரிகளே சோதனைக் கிளைக்குச் செல்லும். எனவே ஏற்கப்பட்டவுடன் திருத்த எண்ணை ஒன்று கூட்டி, மூலத்தை மட்டும் மீண்டும் ஏற்றுமாறு உங்கள் ஆதரவாளரிடம் கேளுங்கள். பெரிய வழுக்கள் இல்லையென்றால் பொதுவாக 5 நாளில் அது நகர்ந்துவிடும்.