காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் தாழமுக்கம் எங்கே என்று தெரியும்

எங்கள் ஐயா திருகோணமலை உப்புவெளியிலிருந்து கடலுக்குப் போனவர். கார்த்திகை, மார்கழியில் விடிய எழும்பிக் கடற்கரையில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்பார். இடக்கையை நீட்டி, "அந்தப் பக்கம் கிடக்குது" என்பார். காற்றின் அமுக்கம் குறைந்து புயல் உருவாகும் இடத்தை, அதாவது தாழமுக்கத்தைத்தான் சொல்வார். துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் அவருக்குக் காட்டிக்கொடுத்த வித்தை அது.

அதை 1857-இல் ஒரு விதியாக எழுதி வெளியிட்டவர் பைஸ் பாலட் என்ற ஒல்லாந்து விஞ்ஞானி. ஒல்லாந்தர் எங்கள் கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்து 60 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குச் சற்று முன்னர், கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களைப் புரட்டி, புயல்கள் சுழல்வதை ஆராய்ந்தார். 1848-இல் 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்.

சரி, செய்முறைக்கு வருவோம். வீடுகளுக்கு நடுவே நிற்காதீர்கள், சுவர்கள் காற்றைத் திருப்பிவிடும். வெளியான இடத்தில் நில்லுங்கள். எங்கள் அரைக்கோளத்தில் காற்று தாழமுக்கத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. தரையில் உராய்வதால் கொஞ்சம் உள்நோக்கியும் சாயும். அதனால் இடக்கையை நேர் பக்கவாட்டில் நீட்டாமல், சற்று முன்னே தள்ளி நீட்டுங்கள். வாடை, அதாவது வடக்குப் பக்கக் காற்று, அடிக்கும்போது அந்தக் கை தென்கிழக்கில் கடலைக் காட்டும்.

ஆனால் வாடை மாரி முழுக்க அடிக்கும். கையை மட்டும் நம்பினால் தினமும் புயல்தான்! அமுக்கத்தையும் பாருங்கள். பல கைபேசிகளில் வளியமுக்கமானி உண்டு. 1643-இல் டொரிசெல்லி பாதரசக் குழாயில் கண்டதை இன்று சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் அமுக்கம் காலை 10 மணிக்கு உயர்ந்து, பின்னேரம் 4 மணிக்குச் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு) இறங்கும். அது தினசரி ஏற்றவற்றம், பயப்படாதீர்கள். ஒரே இடத்தில், ஒரே மாடியில், ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். 8 மீற்றர் மேலே ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அந்தக் காலத்துக்கு, அந்த நேரத்துக்கு வழக்கமான அளவைவிட 3 குறைந்தால் சந்தேகப்படுங்கள். 5 குறைந்தால் புயல் கிட்டத்தில் இருக்கிறது என்பது மாலுமிகளின் கணக்கு. அப்புறம் கையை நீட்டுங்கள்.

அரை மணிக்கொரு தடவை காற்றின் திசையைக் குறியுங்கள். நான் மிகவும் கவனிக்கச் சொல்வது இதைத்தான். வாடை மெல்லத் திரும்பிக் கச்சானானால் (மேற்குக் காற்றானால்) புயல் எங்களுக்கு வடக்கே போகிறது. 2020 மார்கழி (டிசம்பர்) 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, எங்கள் முற்றத்தில் காற்று இப்படித்தான் திரும்பியது. வாடை கொண்டலானால் (கிழக்குக் காற்றானால்) தெற்கே போகிறது. திசை மாறாமல், காற்றும் கூடி, அமுக்கமும் இறங்கிக்கொண்டே போனால் நேரே எங்களை நோக்கி வருகிறது. அப்போது கைக்கணக்கை விட்டுவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைக் கேட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரையை விட்டு உள்ளே போங்கள்.

பலத்த காற்று சட்டென்று நின்றால் யாரையும் வெளியே விடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் காற்று மறுபக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.